மாடக்குழிக்குச் சிலை தேடுகிறவர்கள்

"அஃபிலியேட் மார்க்கெட்டிங் தொடங்கலாம் என்றிருக்கிறேன். எந்த 'நிச்' எடுப்பது என்பதுதான் முடிவாகவில்லை." இந்த வாக்கியத்தை அண்மைக்காலமாக அடிக்கடி கேட்க நேர்கிறது. சொல்பவர்கள் பெரும்பாலும் இருபத்தைந்துக்கும் முப்பத்தைந்துக்கும் இடைப்பட்டவர்கள்; பட்டம் பெற்றவர்கள்; வேலை இல்லாதவர்கள், அல்லது வேலை என்று சொல்லிக்கொள்ளக் கூசும் சம்பளத்தில் இருப்பவர்கள். ஆறு மாதமாக, ஓராண்டாக, சிலர் அதற்கும் மேலாக, இதே வாக்கியத்தில் நின்றுகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அறிவுரை சொல்லக் காத்திருக்கும் கூட்டமோ பெரிது. "யோசித்துக்கொண்டே இருந்தால் ஒன்றும் நடக்காது, ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்கு" என்பது அக்கூட்டத்தின் மூலமந்திரம். தயக்கம் அவர்கள் கணக்கில் ஒரு நோய்.

நான் நேர்மாறாக நினைக்கிறேன். இந்த விவகாரத்தில் ஆரோக்கியமாக இருக்கும் ஒரே உறுப்பு அந்தத் தயக்கம்தான். நோய் கேள்வியில் இருக்கிறது. தவறாக அமைந்த ஒரு கேள்விக்கு விடை தெரியாமல் விழிப்பவனைக் கோழை என்று ஏசுவதைப்போல் அநியாயம் வேறில்லை. இலக்கிய வாசகர்களுக்கு இந்தச் சந்தைச் சமாசாரம் எதற்கு என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். இந்த வணிகம் பெரிதாக வளர்ந்ததே புத்தகத்தின் தோளில் ஏறித்தான். அது தொட்டுக் கெடுத்துக்கொண்டிருப்பதும் நம்முடைய பண்டமாகிய மதிப்புரையைத்தான்.

*

முதலில் தொழில் இன்னதென்று சொல்லிவிடுகிறேன். ஒருவர் ஒரு பொருளைப் பற்றி எழுதுகிறார். எழுத்தின் நடுவே விற்பவரின் கடைக்கு ஒரு சுட்டி வைக்கிறார். அதைச் சொடுக்கிப் போகிறவர் வாங்கினால் எழுதியவருக்கு ஒரு பங்கு. தமிழில் இதற்குத் தரகு என்று பழைய சொல் இருக்கிறது. 1994-இல் இசைத்தட்டு விற்ற சிடி-நௌ நிறுவனம் இணையத்தில் இதைச் செய்தது. 1996 ஜூலையில், அப்போது புத்தகக் கடையாக மட்டுமே இருந்த அமேசான், தன் 'அசோசியேட்ஸ்' திட்டத்தைத் தொடங்கியபோது அது உலகறிந்த வழக்கமாயிற்று. பறவைகளைப் பற்றி ஒருவர் எழுதிக்கொண்டிருக்கிறார். பறவைகளைப் பற்றிய நல்ல நூல்களைச் சொல்கிறார். அந்நூல் விற்றால் அவருக்குச் சில காசு. ஆதியில் இருந்த வரிசை இதுதான். ஆள் முதலில், அவர் அறிந்த பொருள் அடுத்து, காசு கடைசியில்.

இன்று கற்பிக்கப்படும் வரிசை தலைகீழானது. காசு எங்கே அதிகம் என்று முதலில் பார்; அங்கே எதைத் தேடுகிறார்கள் என்று கருவிகளை வைத்து எண்ணு; போட்டி குறைவாக இருக்கும் சந்து ஒன்றைக் கண்டுபிடி; பிறகு அந்தச் சந்தில் அறிஞனாக நில். இந்தச் சந்துக்குத்தான் 'நிச்' என்று பெயர்.

அச்சொல்லின் பிறப்பைப் பார்ப்பது சுவையானது. பிரெஞ்சு வழி வந்த சொல் அது. சுவரில் குடையப்பட்ட மாடம் என்பது பொருள். நம் வீடுகளில் விளக்கு வைக்கும் மாடக்குழி. கோயிலென்றால் கருவறைப் புறச்சுவரின் கோஷ்டம். சோழர் காலச் சிவன் கோயில் ஒன்றைச் சுற்றிவந்தால் தெற்கே தட்சிணாமூர்த்தி, மேற்கே லிங்கோத்பவர், வடக்கே பிரம்மா என்று ஒவ்வொரு கோஷ்டத்திலும் ஒருவர் இருப்பார். கோஷ்டம் இருப்பதற்குச் சுவர் வேண்டும். சுவர் இருப்பதற்கு உள்ளே கருவறை வேண்டும். கருவறை இருப்பதற்கு மூலவர் வேண்டும். இப்போதைய உபதேசமோ, வெட்டவெளியில் ஒரு குழியை வரைந்துகொண்டு, எந்தத் தெய்வத்தை வைத்தால் உண்டியல் நிறையும் என்று அளவுகோலோடு அலையச் சொல்கிறது. அலைகிறவனுக்குத் தயக்கம் வராமல் என்ன வரும்?

*

என்னிடம் படித்த மாணவர் ஒருவர். முதுகலைத் தமிழ். ஏற்றப்பாட்டுகளைப் பற்றி ஆய்வேடு எழுதியவர். கமலை, ஏற்றம், சால், வடம் என்று நீர் இறைத்தலின் சொற்களை ஊர் ஊராகச் சென்று முதியவர்களிடம் கேட்டுத் தொகுத்தவர். இப்போது தனியார் கல்லூரியொன்றில் மணிக்கணக்கில் கூலி பெறுகிறார். ஓராண்டாக இந்த நிச் தேடலில் இருக்கிறார். எண்ணெய் இல்லாமல் பொரிக்கும் அடுப்பு, புரதப் பொடி, நாய் உணவு, இணைய இடம் வாடகைக்கு விடும் நிறுவனங்கள் என்று நான்கு பட்டியல் வைத்திருக்கிறார். "இவற்றில் எதையாவது பயன்படுத்தியதுண்டா தம்பி?" என்றேன். "இல்லை ஐயா. பயன்படுத்த வேண்டியதில்லையாம். பிறர் எழுதியதைத் தொகுத்தால் போதும் என்கிறார்கள்" என்றார். சற்றுப் பொறுத்து, "அதுதான் ஐயா கை வரவில்லை" என்றார்.

அந்தக் கை வராமைக்குத்தான் நான் வழக்காடுகிறேன். அவர் ஆழ அறிந்த ஒன்று இருக்கிறது. அதற்குத் தேடல் எண்ணிக்கை இல்லை, தரகு விகிதமும் இல்லை. தரகு இருக்கும் பொருள்கள் ஆயிரம் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைக்கூட அவர் தொட்டதில்லை. இரண்டுக்கும் நடுவே அவர் நிற்கிறார் என்றால், அவருடைய மனச்சான்று வேலை செய்கிறது என்று பொருள். "முடிவெடுக்கத் தெரியாதவன்" என்று அவரைப் பழிப்பவர்கள், பொய் சொல்லத் தயங்குபவனைத்தான் பழிக்கிறார்கள்.

*

இங்கே நண்பர் ஒருவர், அவரும் தமிழ் படித்தவர், சாமர்த்தியமாக ஒரு வாதம் வைத்தார். "இதிலென்ன புதுமை? நம் ஆற்றுப்படை இதுதானே? ஒரு பாணன் இன்னொரு பாணனை வள்ளலிடம் அனுப்புகிறான். அன்றைக்கு வாய்மொழி, இன்றைக்குச் சுட்டி." கேட்க நயமாக இருக்கிறது. ஆனால் ஆற்றுப்படையின் இலக்கணத்தைச் சற்றே நினைவுகூர்ந்தால் இந்த நயம் உதிர்ந்துவிடும்.

முதலாவது, ஆற்றுப்படுத்துகிறவன் தான் பெற்றவன். கூத்தரும் பாணரும் பொருநரும் விறலியரும், தாம் பரிசில் பெற்றபின், பெறாதவர்களை எதிர்ப்பட்டுச் சொல்வதாகத்தான் தொல்காப்பியம் இத்துறையை வகுக்கிறது. வள்ளலின் வாயிலைக் கண்ணால் காணாதவனுக்கு அங்கே பேச இடமில்லை. இரண்டாவது, அவன் வழியின் இன்னல்களை மறைப்பதில்லை. 583 அடிகள் கொண்ட மலைபடுகடாம் நன்னனிடம் செல்லும் வழியைச் சொல்கிறது. பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாம்பு எங்கே, காவலர் எறியும் கவண்கல் எங்கிருந்து வரும், வழுக்கும் இடம் எது என்றெல்லாம் சொல்லித்தான் அனுப்புகிறது. மூன்றாவது, போகிறவன் பெறும் பரிசிலில் சொன்னவனுக்குப் பங்கில்லை. அனுபவம், எச்சரிக்கை, பங்கின்மை ஆகிய மூன்றும் இருந்ததால் அந்தச் சொல்லுக்கு எடை இருந்தது. 'முதல் பத்து மெத்தைகள்' என்று எழுதுகிறவர் அவற்றில் ஒன்றிலும் படுத்ததில்லை. குறை சொன்னால் விற்காது என்பதால் குறை சொல்வதில்லை. வாங்குகிறவர் கொடுக்கும் காசில் அவருக்குப் பங்குண்டு. மூன்று உறுப்பும் போனபின் எஞ்சியிருப்பதை ஆற்றுப்படை என்று அழைப்பது, பாணர்களுக்கு மட்டுமல்ல, தரகர்களுக்கும் இழுக்கு.

நன்னூல் இன்னும் கறாரானது. ஒரு நூலுக்குப் பாயிரம் சொல்ல உரிமையுடையவர் யார் என்று அது வரையறுக்கிறது. நூலாசிரியனின் ஆசிரியர், உடன் கற்றவர், மாணவர், நூலுக்குத் தக்க உரை கண்டவர் ஆகிய நால்வரே. நால்வருக்கும் பொதுவானது என்ன? நூலோடும் நூலாசிரியனோடும் நேரடிப் பழக்கம். பாயிரத்தில் சொல்ல வேண்டியவற்றுள் காலம், களம், காரணம் மூன்றையும் சேர்த்துச் சொல்வாரும் உண்டென்று அந்நூலே குறிக்கிறது. 'காரணம்' என்பது கவனிக்கத் தக்கது. எதனால் இது எழுந்தது என்று சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும். நுகர்வோர் சட்டம் இன்று கேட்பதும் அதைத்தானே! அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம், காசு பெற்று எழுதுகிறவர்கள் அதை வெளிப்படுத்த வேண்டும் என்று 2009-இல் தன் வழிகாட்டு நெறிகளை விரித்தது. இந்தியாவில் விளம்பரத் தரக் கவுன்சில் 2021-இலும், நடுவண் அரசின் நுகர்வோர் துறை 2023 ஜனவரியிலும் அவ்வாறே நெறிகள் வெளியிட்டன. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், தவறான பரிந்துரைக்கு 10 லட்ச ரூபாய்வரை தண்டம் விதிக்கலாம். மீண்டும் செய்தால் 50 லட்சம்வரை.

*

மறுபக்கமும் ஒரு கூட்டம் இருக்கிறது. எழுத்தில் காசு கலந்தாலே தீட்டு என்பவர்கள். அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 1959-இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, தான் பதிப்பித்த நூல்களைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். தோளில் புத்தகப் பை தொங்க நிற்கும் மனிதர் விற்க வந்திருக்கிறார் என்பது எதிரில் இருப்பவருக்குத் தெரியும். அந்த வெளிப்படைத் தன்மையில் எந்தக் களங்கமும் இல்லை.

மாட்டுச் சந்தைத் தரகரையே எடுத்துக்கொள்ளுங்கள். துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் வழக்கத்தைக் கண்டவர்களுக்குத் தெரியும்: விலை துண்டுக்குள் மறையலாம், தரகர் தரகர் என்பது மறைவதில்லை. பல் பிடித்து வயது சொல்வார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுக் கால் பார்ப்பார். அடுத்த வாரமும் அதே சந்தையில் அவர் நிற்க வேண்டும். நொண்டி மாட்டைத் தலையில் கட்டினால் ஊரே சொல்லும். அறிவும் முகமும் அவருடைய முதல். நிச் தேடச் சொல்கிறவர்கள் இந்த இரண்டு முதலும் இல்லாமல் தரகு செய்யச் சொல்கிறார்கள்.

உடனே எடுத்துக்காட்டாக 'ஒயர்கட்டர்' வரும். 2011-இல் தொடங்கிய அந்தத் தளத்தை 2016-இல் நியூயார்க் டைம்ஸ் ஏறத்தாழ 3 கோடி டாலருக்கு வாங்கியது. தரகில் வாழ்ந்த தளம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் பொருள்களை வாங்கி, அடுக்கி, வாரக்கணக்கில் சோதித்து எழுதிப் பெயர் பெற்றவர்கள். சோதனை அவர்களுடைய தொழில். தரகு அதற்கு வந்த கூலி. இது என் வாதத்துக்குத்தான் துணை.

எதிர்த் தரப்புக்கு வேறோர் உதாரணம் தருகிறேன். கேஸ்பர் என்னும் அமெரிக்க மெத்தை நிறுவனம், தரகு வாங்கி மெத்தை மதிப்புரை எழுதிவந்த சில தளங்கள்மீது 2016-இல் வழக்குத் தொடுத்தது. வழக்கு சமரசத்தில் முடிந்தது. 2017-இல் அவற்றுள் ஒன்றாகிய 'ஸ்லீபோபோலிஸ்' தளத்தை வேறொரு நிறுவனம் வாங்கியது. வாங்கப் பணம் கொடுத்து உதவியது யார் என்று நினைக்கிறீர்கள்? அதே கேஸ்பர். மதிப்புரை என்பது சந்தையின் ஒரு சந்தாக மாறிவிட்டால், அந்தச் சந்தையே விலைக்கு வந்துவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

*

"அறமெல்லாம் சரி, பிழைப்பு?" என்று கேட்பவர்களுக்குப் பிழைப்புக் கணக்கையே சொல்கிறேன்.

புத்தகத்தையே எடுத்துக்கொள்வோம். 300 ரூபாய் நூல், 5 விழுக்காடு தரகு என்று வைத்தால், ஒரு படிக்கு 15 ரூபாய். மாதம் 15,000 ரூபாய் வேண்டுமானால் 1,000 படி விற்க வைக்க வேண்டும். தமிழில் ஒரு நாவலின் ஒரு பதிப்பே பல காலம் 1,000 படிதான். அது தீர ஆண்டுகள் ஆகும் என்பதை இங்குள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாதந்தோறும் ஒரு பதிப்பைத் தனியொருவர் தீர்த்துவைக்க வேண்டும்! ஆகவே புத்தகத்தை விட்டுவிட்டு விலை கூடிய பொருளுக்குப் போகச் சொல்வார்கள். போனால், சுட்டியைச் சொடுக்கியவர் 24 மணி நேரத்துக்குள் பொருளைக் கூடையில் இட வேண்டும் என்பது அமேசான் வகுத்த விதி; மறுநாள் யோசித்து நேரே கடைக்குப் போய் வாங்கினால் உங்களுக்கு ஒன்றுமில்லை. புதிதாகச் சேர்ந்தவர் 180 நாளில் மூன்று விற்பனை காட்டாவிட்டால் கணக்கே மூடப்படும்.

விகிதமும் உங்கள் கையில் இல்லை. 2020 ஏப்ரலில், பெருந்தொற்றில் உலகம் வீட்டுக்குள் முடங்கியிருந்தபோது, அமேசான் அமெரிக்காவில் வீட்டுச் சாமான்களுக்கான தரகை 8 விழுக்காட்டிலிருந்து 3-ஆகவும், மளிகைக்கு 5-லிருந்து 1-ஆகவும் வெட்டியது. சில நாள் முன்னறிவிப்புதான். ஆண்டுக்கணக்கில் கட்டிய வருமானம் ஒரு மின்னஞ்சலில் பாதிக்கும் கீழே போயிற்று. 2024 மார்ச்சில் கூகிள் தன் தேடல் முறையை மாற்றி, தேடுபொறிக்காகவே எழுதப்பட்ட பக்கங்களைக் கீழே தள்ளியது. அதே ஆண்டு விடைச் சுருக்கத்தைச் செயற்கை நுண்ணறிவால் தானே மேலே காட்டவும் தொடங்கியது. தேடுகிறவர் பக்கத்துக்கு வராமலே விடை பெற்றுப் போய்விடுகிறார். சுட்டி சொடுக்க ஆளில்லாமல் கிடக்கிறது. வாரத்துக்கு உழுத விவசாயிக்காவது 1955-இல் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று வந்தது. இந்தக் குத்தகைக்கு எந்தச் சட்டமும் இல்லை. நிலக்கிழார் வரப்பை நகர்த்தினால் நகர்ந்துதான்.

பின் யார்தான் இதில் உறுதியாகச் சம்பாதிக்கிறார்கள்? நிச் தேடுவது எப்படி என்று கற்பிக்கிறவர்கள்! இதுதான் இந்தத் தொழிலின் உள்வீடு. முடிவெடுக்க முடியாமல் தவிக்கும் இலட்சக்கணக்கானவர்கள்தாம் இருப்பதிலேயே செழிப்பான நிச். அவர்களுக்குப் பயிற்சி வகுப்பு விற்கலாம். அவர்கள் தொடங்கப்போகும் தளத்துக்கு இணைய இடம் வாங்கவைத்து அதிலும் தரகு பெறலாம். அமெரிக்க வணிக ஆணையம் 2018-இல் 'மோப்' என்னும் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. 49 டாலர் கொடுத்து நுழைந்தால் 21 படிகளில் வணிகம் கற்பிக்கப்படும் என்றார்கள். ஏற ஏறப் பல்லாயிரம் டாலர் கட்டணம். வருமானத்துக்கு வழியோ, அதே உறுப்பினர் திட்டத்தை அடுத்தவருக்கு விற்றுத் தரகு பெறுவது. 12.5 கோடி டாலருக்கு மேல் சுருட்டப்பட்டது என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. தயக்கத்தை நோய் என்று சொல்பவர் கையில் மருந்துப் புட்டி இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும்.

*

சரி, தயங்கி நிற்பவர் என்னதான் செய்ய வேண்டும்? "உனக்குப் பிடித்ததைச் செய்" என்பது அடுத்த உபதேசம். இதுவும் போதாது. பிடித்தம் அறிவாகாது. எனக்கு நாகசுரம் பிடிக்கும். அதற்காகச் சீவாளி எது நல்லது என்று நான் எழுதினால் திருவாவடுதுறைக்காரர்கள் சிரிப்பார்கள்.

நான் சொல்லும் உரைகல் ஒன்றே. எந்தப் பொருளைப் பற்றி, "இதை வாங்காதே" என்று காரணத்தோடு உன்னால் சொல்ல முடியும்? அந்தப் பொருளைப் பற்றிப் பேச உனக்கு உரிமை உண்டு. தரகு 'வாங்கு' என்ற சொல்லுக்கு மட்டுமே கூலி தருகிறது. 'வாங்காதே' என்பதற்கு யாரும் ஒரு காசு தருவதில்லை. ஆகவே கூலியில்லாத அந்தச் சொல்லைச் சொல்ல முடிகிறவருடைய 'வாங்கு' மட்டுமே நம்பத் தக்கது. அதைச் சொல்லும் துணிவு நீடிக்க வேண்டுமானால் அடுப்பெரிய வேறொரு வருமானம் இருக்க வேண்டும். தரகை உபரியாக வைத்துக்கொள்ளலாம். உலையை அதில் ஏற்றக்கூடாது. இந்த உரைகல்லில் தேய்த்துப் பார்த்து ஒன்றும் தேறவில்லையானால், தொடங்காமல் இருப்பதே தெளிவான முடிவு. அதைத் தோல்வி என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை.

இதே உரைகல் நமக்கும் உரியது. நூல் மதிப்புரைகளின் அடியில் கடைச் சுட்டி இருப்பது இன்று வழக்கமாகிவிட்டது. சுட்டி இருக்கட்டும், அதில் பங்குண்டு என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடட்டும். அமெரிக்காவில் 2020-இல் தொடங்கிய 'புக்‌ஷாப்' தளம், பரிந்துரைப்பவருக்கு 10 விழுக்காடு கொடுத்துவிட்டு, அதே அளவைச் சிறு புத்தகக் கடைகளுக்கான பொது நிதிக்கும் ஒதுக்குகிறது. தரகைக்கூட மானத்தோடு அமைக்க முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் ஓராண்டில் ஐம்பது நூல்களைப் பற்றி எழுதி, ஒன்றில்கூட ஒரு குறை காணாத மதிப்புரையாளரைப் பார்க்கும்போது, அவர் ரசனையை நான் ஐயுறுவதில்லை. அவருடைய மாடக்குழியைத்தான் ஐயுறுகிறேன். சிறுபத்திரிகைகள் நமக்குத் தந்த மிகப்பெரிய கொடை, 'இது நல்ல நூல் இல்லை' என்று எழுதும் உரிமை. அதை 15 ரூபாய்க்கு விற்றுவிட்டால் திரும்ப வாங்கக் கடை கிடையாது.

அந்த மாணவருக்கு நான் சொன்னது இதுதான்: ஏற்றப்பாட்டுச் சொற்களை முதலில் ஒழுங்காக அகரநிரல்படுத்தி நூலாக்குங்கள், காசு வராது, ஆனால் உங்களிடம் சொல் கொடுத்த முதியவர்களில் பலர் இன்னும் எத்தனை ஆண்டு இருப்பார்கள்? எண்ணெயில்லா அடுப்பைப் பற்றி எழுத ஆயிரம் பேர் வரிசையில் நிற்கிறார்கள். சால் வடத்தின் முடிச்சுக்கு என்ன பெயர் என்று கேட்டால் சொல்ல, அந்த முதியவர்களை விட்டால் நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள்.